வெள்ளம் வடிந்த பிறகு கிணறு இறைக்கப் போனோம்

2024 கார்த்திகை மழையில் யாழ்ப்பாணம் எப்படிக் கிடந்தது என்று இங்கே இருக்கிற யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பெங்கல் புயல் கரை கடந்தது என்னவோ புதுச்சேரிப் பக்கம், நவம்பர் 30 இல். ஆனால் அது கடலில் தாழமுக்கமாக நகர்ந்துகொண்டிருந்த நாட்களிலேயே குடாநாட்டுக்குப் பெய்ய வேண்டியதெல்லாம் பெய்து தீர்த்துவிட்டது. உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்தினார்கள். பாடசாலைகளிலும் பொதுநோக்கு மண்டபங்களிலும் சனம் நிறைந்துபோய் இருந்தது. அந்த முதல் வாரத்தில் உதவிக்குக் குறைவே இல்லை. சமைத்த சாப்பாடு, பாய், பெட்சீற், தண்ணீர்ப் போத்தல் என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்தது, கொண்டுவந்தவர்கள் எல்லாருக்கும் நன்றி. நான் எழுத வந்தது அதற்குப் பிறகான வாரங்களைப் பற்றி. சனம் வீட்டுக்குத் திரும்பி, படலையைத் திறந்து, சேற்றை வழித்து, குசினியைக் கழுவத் தண்ணி வேண்டுமென்று கிணற்றடிக்குப் போகிற நேரம். அப்போதுதான் உதவிக்கு ஆள் இருக்காது.

கிணறு ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியூரிலிருந்து உதவ வருபவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கையாறு கூட மாரிக்கு ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் விழுந்தால் சரி, பிறகு காய்ந்துவிடும். குடிப்பது, குளிப்பது, தோட்டம் செய்வது எல்லாம் நிலத்தடித் தண்ணியில்தான். 2024 ஓகஸ்டில் தாளையடி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் திறந்தார்கள், சில இடங்களுக்குக் குழாய்த் தண்ணி வந்துவிட்டது, நல்ல விஷயம். ஆனால் நாங்கள் போன ஒழுங்கைகளில் கிணறுதான் எல்லாம். கீழே சுண்ணாம்புக்கல், அதில் வெடிப்பும் பொந்துமாக இருக்கும், மேலே விழுகிற தண்ணி வடிபடாமலே கீழே இறங்கிவிடும். இரண்டு பரப்புக் காணியில் கிணறும் மலசலகூடக் குழியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது, வெள்ளம் கிணற்றுக் கட்டை மேவினால் குழித் தண்ணியும் கிணற்றுத் தண்ணியும் ஒன்றுதான். பார்க்கத் தெளிவாக இருக்கிறது என்று குடித்துவிடக்கூடாது.

நாங்கள் ஒரு சின்னக் கூட்டம், சனசமூக நிலையத்துப் பெடியள், இரண்டு ஆசிரியர்கள், லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) வைத்திருக்கிற அண்ணை ஒருவர். முதலில் விதானையாரிடம் (கிராம அலுவலர்) போய்ச் சொல்லி, பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) போனோம். இந்த இரண்டு பேரையும் சந்திக்காமல் நேரே பம்மோடு ஊருக்குள் இறங்காதீர்கள். விதானையாரிடம் எந்த ஒழுங்கையில் எத்தனை குடும்பம் என்ற கணக்கு இருக்கும், பி.எச்.ஐ.யிடம்தான் குளோரின் தூளும் எவ்வளவு போடுவது என்ற அறிவும் இருக்கும். அப்புறம், எந்தக் கிணறு முதலில் என்பதை நாங்கள் தீர்மானிக்கப் போகவில்லை. மாதர் சங்கத்து அக்காமாரைக் கேட்டோம். அவர்கள் ஒரு நிமிடம் கூட யோசிக்கவில்லை: அந்த முடக்கில் இருக்கிற நல்லதண்ணிக் கிணறு, அதில்தான் சுற்றியுள்ள எல்லா வீடும் குடிக்க அள்ளுகிறது, மற்றக் கிணறெல்லாம் சவர், உப்புக் கரிக்கும். அதை முதலில் செய்தால் ஒரு ஒழுங்கைக்கே தண்ணி கிடைக்கும். வீட்டுக்கு வீடு வரிசையாகப் போயிருந்தால் இது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

சரி, உடனே இறைக்கலாம் என்று பம்மை இறக்கினோம். எங்களோடு வந்த ஐயா ஒருவர், ஆயுள் முழுக்கத் தோட்டம் செய்தவர், கையை நீட்டி மறித்தார். "தம்பி, சுத்திவர நிலம் ஊறிப்போய்க் கிடக்குது. இப்ப கிணத்தை வெறுமையாக்கினியள் எண்டால் வெளித்தண்ணி கட்டைத் தள்ளிப்போடும்." உண்மைதான். வெளியே தண்ணி மட்டம் உயர்ந்து நிற்கும்போது உள்ளே இருக்கிற தண்ணிதான் கட்டைத் தாங்கிக்கொண்டிருக்கிறது, அதை ஒரேயடியாக உறிஞ்சினால் பழைய கட்டுகள் உள்ளே சரியும். அதோடு இறைத்து என்ன பயன், சுற்றியுள்ள அழுக்குத் தண்ணிதானே திரும்ப ஊறப்போகிறது. அவர் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி, கட்டின் விளிம்பிலிருந்து தண்ணி மட்டம் வரை அளந்து முடிச்சுப் போட்டார். காலையும் பின்னேரமும் அளந்து, மட்டம் நன்றாக இறங்கிய பிறகுதான் கை வைத்தோம். அதுவரை குடிதண்ணி பவுசரில் வந்தது, கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லி வீடு வீடாகப் போனோம்.

கடலேரிக்குக் கிட்ட இன்னும் கவனம் வேண்டும். அங்கே நல்ல தண்ணி என்பது கீழே இருக்கிற உப்புத் தண்ணிக்கு மேல் எண்ணெய் மாதிரி மிதந்து நிற்கிற ஒரு படைதான். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் உதவும் மனதோடு போனவர்கள் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்து, சில இடங்களில் உவர் இன்னும் கூடிப்போனது. அதனால் மெதுவாக இறைத்து, நிறுத்தி, ஊற விட்டு, திரும்ப இறைத்தோம். கிணறு முழுக்க வெறுமையாக வேண்டும் என்று ஒரு இடத்திலும் அடம்பிடிக்கவில்லை.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பெற்றோல் பம்மைக் கிணற்றுக்குள் இறக்காதீர்கள், வாயில் வைத்து ஓட்டிவிட்டு உடனே ஆளையும் இறக்காதீர்கள். அதன் புகையில் வருகிற காபனோரொட்சைட்டுக்கு மணம் கிடையாது, கிணற்றுக்குள் தேங்கி நிற்கும், இறங்கினவர் மயங்குவார், தூக்கப் போகிறவரும் மயங்குவார். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய முறை ஒட்சிசன் குறைவைத்தான் காட்டும், இந்த நஞ்சைக் காட்டாது. நாங்கள் மெசினைக் காற்று போகிற பக்கமாகத் தள்ளி வைத்து, நீட்டுக் குழாய் விட்டோம். இறங்குகிறவரின் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர், இடைவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பது. பேச்சு நின்றால் உடனே இழுப்பது.

அடியிலிருந்து வாளி வாளியாகக் கருஞ்சேறு வந்தது. தேங்காய் மட்டை, செருப்பு, பிளாஸ்ரிக் போத்தல், ஒரு பிள்ளையின் கொம்பாஸ் பெட்டி, செத்த எலிகள். அந்த வளவு அம்மா கொம்பாஸ் பெட்டியைக் கழுவித் துடைத்து மதிலில் காய வைத்தார், யாருடையது என்று தெரியாது, ஆனால் தேடிக்கொண்டு வருவார்கள் என்றார்.

சேறு எடுத்துக் கட்டைத் தேய்த்துக் கழுவிய பிறகு குளோரின். முதலில் கிணற்றில் எவ்வளவு தண்ணி என்று கணக்குப் பார்க்க வேண்டும். 10 அடி விட்டமுள்ள கிணற்றில் 8 அடித் தண்ணி நின்றால் ஏறத்தாழ 17,800 லீற்றர். இந்தக் கணக்கைக் கொடுத்தால் பி.எச்.ஐ. தூளின் வலுவைப் பார்த்து அளவு சொல்வார், ஆளாளுக்குக் கைப்பிடியில் போடுகிற வேலை இல்லை. தூளை நேரே கொட்டவும் கூடாது. பிளாஸ்ரிக் வாளியில் கரைத்து, தெளிய விட்டு, மேல் தண்ணியை மட்டும் கிணற்றைச் சுற்றி ஊற்றி, வாளியால் அள்ளி அள்ளித் திரும்ப ஊற்றிக் கலக்க வேண்டும். ஒரு இரவு அப்படியே விட்டு, மறுநாள் மணம் குறையும் வரை இறைத்து, பிறகு மாதிரி எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். முடிவு வரும் வரை கொதித்தாறிய தண்ணிதான். "தேத்தண்ணி மருந்து மணக்குது பிள்ளை" என்று பல ஆச்சிமார் சொன்னார்கள். அவர்களோடு கதிரையில் இருந்து ஆறுதலாகக் கதைக்க ஒருவரை விட்டோம். என்னைக் கேட்டால் பம் ஓட்டியதைவிட அந்த வேலைதான் பெரிது, ஏனென்றால் கோபத்தில் குளோரின் போடாத பக்கத்துக் கிணற்றில் அள்ளப் போனால் செய்ததெல்லாம் வீண்.

அந்த மார்கழியில் எலிக்காய்ச்சல் வேறு. முதலில் என்ன காய்ச்சல் என்று தெரியாமல் ஊரே பயந்தது, உயிர்களும் போயின. எலியின் சிறுநீர் கலந்த தண்ணியும் சேறும் காலில் இருக்கிற சின்ன வெடிப்பு வழியாக உள்ளே போனால் போதும். அதனால் பூட்ஸ், கையுறை இல்லாமல் யாரையும் இறக்கவில்லை, புண் உள்ளவர்களைப் பட்டியல் எழுத விட்டோம், எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸில் சொன்னபடி தடுப்பு மாத்திரை எடுத்தோம். காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுவிட்டுப் படுக்காமல், வெள்ளத்துக்குள் நின்றேன் என்று டொக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லி வைத்தோம்.

காசு அனுப்புகிற உறவுகளுக்கும் ஒன்று. உலர் உணவுப் பொதிக்குத் தருகிறோம், படம் எடுத்து அனுப்புங்கோ என்று கேட்பவர்களைக் குறை சொல்லவில்லை, தூரத்திலிருந்து தவிக்கிறவர்களுக்குக் கண்ணால் ஒன்று பார்க்க வேண்டும். ஆனால் பொதி ஒரு வாரத்தில் முடிந்துவிடும். எரிபொருள், குழாய் வாடகை, பூட்ஸ், சேறு அள்ள வருகிற கூலியாளின் சம்பளம் இவற்றுக்குக் கொடுத்தால் ஒரு ஒழுங்கையே மாரி முடியும் வரை குடிக்கும். எனக்குத் தெரிந்து இதைவிடப் பயனான செலவு இல்லை.

2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது அதே குழாயும் அதே கயிறும் திரும்ப வெளியே வந்தன. இப்போது கோடையில் தண்ணி இறங்கி நிற்கும்போதே, தாழ்ந்த கட்டுள்ள பொதுக் கிணறுகளுக்குக் கட்டு உயர்த்தி, சுற்றிவரச் சீமெந்துத் தளம் போடுகிற வேலையைத் தொடங்கியிருக்கிறோம். சீமெந்து சேர்கிறது, மேசன் வேலை தெரிந்தவர்கள் போதாது. சனி ஞாயிறுகளில் வரக்கூடியவர்கள் உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் சொல்லி வையுங்கள், ஐப்பசிக்கு முன் முடிக்க வேண்டும்.