பாலாத்துக்காரங்க வாட்டர் பார்க் போனா

வேலூர்ல இருந்து பெங்களூர் வொண்டர்லா போறோம்னு முடிவாயிட்டா போதும், வீட்ல இருக்கற பசங்க ராத்திரி பூரா யூடியூப்ல ரோலர் கோஸ்டர் வீடியோவா பாத்துட்டு, எது தலைகீழா போகும், எதுல வாந்தி வரும்னு லிஸ்ட்டே போட்டு வச்சிடுவாங்க. போகட்டும், வேணாம்னு சொல்லல. ஆனா நம்ம ஊர்க்காரங்களுக்கு அங்க மெயின் மேட்டரே தண்ணி பக்கம்தான், சுத்தற ரைடு எல்லாம் ரெண்டாவது. ஏன்னா சுத்தறது நமக்கு ஒண்ணும் புதுசில்ல. கோட்டை மைதானத்துல பொருட்காட்சி போட்டா ஜெயன்ட் வீல், கொலம்பஸ் எல்லாம் வந்து எறங்கிடும், வைகாசி 1 ஆனா குடியாத்தத்துல கெங்கையம்மன் சிரசு, அங்க கவுண்டன்யா ஆத்தோரம் சுத்தாத ராட்டினமா. ஆனா கழுத்தளவு தண்ணில குடும்பத்தோட நின்னு கூச்சல் போடறது இந்த பக்கம் எங்க இருக்கு சொல்லுங்க?

எங்க ஊர பத்தி ஒரு பழைய கிண்டல் உண்டு, தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்னு. இதுல சாமி 1981ல கோட்டைக்குள்ள திரும்ப வந்துட்டாரு, அதுவும் பேரு ஜலகண்டேஸ்வரர். ஆறு மட்டும் அப்டியேதான் கீது. 2021 நவம்பர்ல பாலாத்துல வெள்ளம் வந்தப்போ ஜனங்க பயந்து வீட்டுக்குள்ள இருக்கல, புள்ள குட்டியோட வண்டி எடுத்துகினு பாலத்து மேல வேடிக்கை பாக்க போனாங்க, போலீஸ் வெரட்ட வெரட்ட போனாங்க. அவ்ளோ ஏக்கம் தண்ணி மேல. இதுல இன்னொண்ணும் இருக்கு, எங்கம்மா காலத்துலயே ஆத்துல குட்டை குட்டையா தண்ணி நின்னாலும் எறங்க விடமாட்டாங்க, மேல தோல் ஷாப், அதான் தோல் பதனிடற ஃபேக்டரி, அந்த தண்ணி கலந்து வரும்னு. அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 1996ல தீர்ப்பு வந்த கேஸ், சட்டம் படிக்கிற பசங்க எல்லாருக்கும் தெரியும்.

சரி மேட்டருக்கு வரேன். போன மே மாசம் வேன் புடிச்சி போனோம். வேலூர்ல இருந்து 200 கிலோமீட்டருக்கு மேல, பார்க் பெங்களூர தாண்டி மைசூர் ரோட்ல பிடதி கிட்ட இருக்கு, அதனால விடியறதுக்குள்ள பள்ளிகொண்டா டோல் தாண்டிடணும், இல்லன்னா ஓசூர் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி டிராஃபிக்ல மாட்டி அங்கயே பாதி நாள் போயிடும். ஊருக்குள்ள போகாம சுத்தி போற நைஸ் ரோடு புடிச்சிட்டா பிரச்சனை இல்ல. வெளி சாப்பாடு உள்ள விடமாட்டாங்கன்னு தெரிஞ்சும் எங்க அத்தை புளி சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல்னு மூணு தூக்கு கட்டிகினு வந்தாங்க. அது எல்லாம் பார்க்கிங்ல வேன் பக்கத்துல ஜமக்காளம் விரிச்சி காலைலயே காலி. எங்கள மாதிரியே நாலஞ்சி வேன் அங்க, ஒரு வேன் தர்மபுரி, ஒரு வேன் திருப்பத்தூர், ஊறுகா எல்லாம் மாத்திகினாங்க.

இந்த பார்க் பத்தி ஒரு சின்ன தகவல். இது ஸ்டெபிலைசர் விக்கற வி-கார்ட் கம்பெனி ஆரம்பிச்ச கொச்சவுசேப் சிட்டிலப்பள்ளியோடது. 2000ல கொச்சில வீகாலேண்ட்னு முதல்ல கட்டுனாரு, பெங்களூர்ல 2005ல வந்துச்சு. டிக்கெட் ஒண்ணுதான், அதுலயே டிரை பார்க்கும், அதான் தண்ணி இல்லாத ரைடு பக்கமும் வருது, பக்கத்துலயே இருக்கற வாட்டர் பார்க்கும் வருது. தண்ணி பக்கம் காலைலயே தொறக்கறதில்ல, மதியத்தை ஒட்டிதான். அதனால காலைல கூட்டம் சேர்றதுக்குள்ள பெரிய ரைடு ரெண்டு மூணு முடிச்சிட்டு, தண்ணி தொறந்த உடனே அந்த பக்கம் போயிடணும். ஈரத்தோட திரும்பி வந்து ரைடு ஏறலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, டிரெஸ் மாத்தறதுலயே பாதி சாயங்காலம் போயிடும்.

டிரை பக்கம் நான் ஏறுனதுல சொல்ற மாதிரி இருந்தது ரீகாயில் ஒண்ணுதான். உக்காந்த உடனே டிரெயின பின்பக்கமா இழுத்துகினு மேல போகுது, மூஞ்சி கீழ பாத்துகினு தொங்கறோம், அப்பறம் சடார்னு விட்டுடறாங்க. விட்டதுக்கு அப்பறம் எஞ்சின் எதுவும் கெடையாது, ஒசரத்துல இருந்து விழற வேகத்துலயே வளையம் எல்லாம் சுத்தி எதிர் பக்க ஏத்தத்துல ஏறுது. சக்கரத்து உரசல், எதிர் காத்து இதுலயே கொஞ்சம் வேகம் போயிடறதால முழு ஒசரம் ஏற முடியாது, அங்க திரும்ப செயின் புடிச்சி மேல இழுத்து விடுது, அப்டியே வந்த வழியே ரிவர்ஸ்ல. முன்னாடி போறப்ப கத்துனவங்க எல்லாம் ரிவர்ஸ்ல வாய மூடிட்டாங்க, என்ன வருதுன்னே தெரியலல்ல. என் பெரிய பையன் எறங்கி வந்து ஒண்ணும் இல்லம்மா சூப்பர்னான், ஆனா கை மட்டும் பத்து நிமிஷம் என் துப்பட்டாவ விடல. சின்னவன் உயரம் பத்தலன்னு அளக்கற கம்பிகிட்டயே நிறுத்திட்டாங்க, ஷூக்குள்ள கர்சீப் மடிச்சி வச்சி பாத்தான், ம்ஹூம். அந்த அளவு சும்மா வைக்கறதில்ல, ஆள அமுக்கி புடிக்கற கம்பி அந்த உயரத்துக்கு தகுந்த மாதிரி செஞ்சது, அழுதாலும் பரவால்லன்னு விட்டுடுங்க.

இப்ப தண்ணி. பருத்தி துணி, பொடவ, வேட்டி எதுவும் கூடாது, நைலான் மாதிரி துணிதான். பல பேரு இத கௌரவ பிரச்சனையா எடுத்துகினு கேட்ல சண்டை போடறாங்க. பருத்தி நூல் பிரிஞ்சி போயி ஃபில்டர்ல அடைக்கும், தண்ணி குடிச்சி கனமா போயி சறுக்குல மாட்டும், அதுக்குதான். எங்க அத்தைக்கு வயசு அறுபத தாண்டிடுச்சி, பொடவ தவிர வேற கட்டுனதே இல்ல. நான் கரையிலயே உக்காந்துக்கறேன் நீங்க போங்கன்னாங்க. எங்க வீட்டுக்காரரோட டிராக் பேண்ட்டும் கிரிக்கெட் டீ ஷர்ட்டும் எக்ஸ்ட்ரா இருந்துச்சு. ரொம்ப நேரம் பேசி பேசி ஒத்துக்க வச்சோம். டிரெஸ் மாத்தற ரூம்ல இருந்து வெளிய வந்தாங்க பாருங்க, டீ ஷர்ட் முதுகுல 7ம் நம்பர், தாலிய உள்ள தள்ளி ஊக்கு போட்டு குத்தி இருக்காங்க, கொண்டைய இழுத்து கட்டி அது மேல பிளாஸ்டிக் தொப்பி, கால்ல மெட்டி. யாரும் சிரிக்க கூடாதுன்னு பசங்கள மெரட்டி வச்சிருந்தேன், அவங்களே கண்ணாடில பாத்து சிரிச்சிட்டாங்க.

வேவ் பூல்ல அல வர்றதுக்கு முன்னாடி ஒரு சைரன் ஊதுவாங்க, அத கேட்ட உடனே எங்கெங்கயோ இருந்து ஜனங்க ஓடி வருது. சைரன் ஊதனதும் அத்தை என் கைய புடிச்சிகினு "இன்னாடி இது, ஷாப்ல சங்கு ஊதறா மாதிரி ஊதறாங்க"ன்னாங்க. மொதல் அல முட்டி வரைக்கும், ரெண்டாவது இடுப்பு, மூணாவது வந்து ஆள அப்டியே தூக்கி ஒரு அடி தள்ளி வச்சது. "ஏய், கால் தரைல இல்லடி"ன்னு கத்தறாங்க, பயத்துல இல்ல, சந்தோஷத்துல. அதுக்கப்பறம் அவங்கள வெளிய இழுக்க முடியல. ரெயின் டிஸ்கோல வெதுவெதுன்னு மழை கொட்டுது, உள்ள இருட்டு, கலர் லைட்டு, இந்தி பாட்டு, அதுக்கு நடுவுல 7ம் நம்பர் டீ ஷர்ட் கைய மேல தூக்கி ஆடுது. வீடியோ இருக்கு, போட்டா என்ன கொன்னுடுவாங்க.

மச்சான் மட்டும் ஓரமா நின்னுகினு தண்ணி வேஸ்ட், தண்ணி வேஸ்ட்னு புலம்பிகினே இருந்தாரு. அவரு ஜோலார்பேட்டைக்காரர், 2019 ஜூலைல மெட்ராசுக்கு தண்ணி டிரெயின் போச்சே, அது கெளம்புனதே அவங்க ஸ்டேஷன்லதான். ஒரு டிரெயினுக்கு 50 வேகன், வேகனுக்கு 50,000 லிட்டர், மொத்தம் 25 லட்சம் லிட்டர். எங்க ஊர்லயே குடத்த வரிசைல வச்சிருக்கறப்போ ரயில்ல ஏத்தி அனுப்பறாங்களேன்னு அப்பவே அவருக்கு கடுப்பு. நான் கணக்கு போட்டு பாத்தேன், 50 மீட்டர் நீளம் 25 மீட்டர் அகலம் 2 மீட்டர் ஆழம் இருக்கற ஒலிம்பிக் நீச்சல் குளத்துக்கும் அதே 25 லட்சம் லிட்டர்தான். அதாவது ஒரு டிரெயின் முழுக்க கொண்டு போனா ஒரு குளம். கேக்கறப்போ வயிறு எரியும்தான்.

ஆனா ஒண்ணு, இந்த தண்ணிய தெனம் புதுசா ரொப்பறதில்ல. சறுக்குல நம்ம கூட வர்ற தண்ணி கீழ தொட்டில விழுந்து, ஃபில்டர் பண்ணி, மோட்டார் வச்சி திரும்ப அதே மாடிக்கு ஏத்தறாங்க. அலையும் அப்டித்தான், புது தண்ணி இல்ல, பெரும்பாலும் ஆழமான பக்கத்து சொவத்துக்கு பின்னாடி ரூம் மாதிரி கட்டி அதுக்குள்ள பெரிய ஃபேன்ல காத்த அடிச்சி தண்ணிய அமுக்கி அமுக்கி விடறாங்க, அதுதான் அலையா வருது. கொறையறது வெயில்ல ஆவியாறதும், ஜனங்க துணில ஏறி போறதும், ஃபில்டர் கழுவறதும். மச்சானுக்கு இதெல்லாம் சொன்னேன், சரிம்மான்னாரு, ஆனா எறங்கல. சாயங்காலம் லேசி ரிவர்னு மெதுவா ஓடற கால்வாய்ல டியூப்ல படுத்துகினு மெதந்தது யாருன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஒரே தண்ணின்றதாலதான் குளோரின் போடறாங்க. மூக்க துளைக்கற வாட வந்தா குளோரின் ஜாஸ்தின்னு நெனைப்போம், அது நம்ம வேர்வையும் மூத்திரமும் குளோரின் கூட கலந்து வர்ற வாட. கண்ணு செவக்கறதும் அதனாலதான். அதனால தயவு செஞ்சி எறங்கறதுக்கு முன்னாடி ஷவர்ல குளிங்க, கொழந்தைங்கள பாத்ரூம் கூட்டிட்டு போயிட்டு கூட்டிட்டு வாங்க. எண்ணெய் தேச்ச தலையோட எறங்கறவங்கள பாத்தா எனக்கு பத்திகினு வரும்.

வரிசைய பத்தி ஒரு வார்த்த. இப்பல்லாம் பெரிய பார்க்னாலே ரெண்டு ரேட், கூட காசு குடுத்தா வரிசைல நிக்காம போலாம். கோயில்ல ஸ்பெஷல் தரிசனம் பாத்து பழகுன ஜனங்க, யாருக்கும் கோவம் கூட வரல. எனக்கு புடிக்கல, அவ்ளோதான். அதுக்கு பதிலா ஸ்கூல் தொறந்த அப்பறம் ஜூன் கடைசில ஒரு செவ்வா, புதன் பாத்து போங்க, காசும் மிச்சம் கூட்டமும் கம்மி. பசங்களுக்கு ஒரு நாள் லீவ் லெட்டர் எழுதி குடுத்தா ஒண்ணும் ஆயிடாது.

இப்ப 2025 டிசம்பர்ல அதே கம்பெனி திருப்போரூர் பக்கமும் தொறந்துட்டாங்க, அரக்கோணம், ராணிப்பேட்டைல இருக்கறவங்களுக்கு அது கிட்ட. எங்க வீட்ல அடுத்த தடவ எங்கன்னு இன்னும் பஞ்சாயத்து முடியல, மச்சான் மெட்ராஸ் பக்கம் இழுக்கறாரு, பசங்க பெங்களூரேன்றாங்க. அத்தை மட்டும் எங்கயாவது போங்க, அந்த டிராக் பேண்ட்ட இன்னா பண்ணீங்கன்னு கேட்டுகினு கீறாங்க.