வெண்புள்ளி நோய்: வேதாரண்யம் குளக்கரையிலிருந்து

நவம்பர் 14

மழை விட்டும் குளிர் விடவில்லை. காலையில் குளத்து நீரின் வெப்பநிலை 26 பாகையாக இருந்தது. 32 பாகைக்கு மேல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும், இறாலைக் கொல்லும் வெண்புள்ளி நச்சுயிரி, நீர் குளிர்ந்தால் வேகமெடுக்கும் என்பதால் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் எனக்கு எப்போதும் கவலை தருபவை. மூன்றாம் குளத்தில், இறால் தின்கிறதா என்று பார்க்க நீரில் இறக்கும் செக் ட்ரே தட்டில் தீவனம் பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தது. கரையோரம் ஒதுங்கிய இறால்களில் சில, கையை நீட்டியும் விலகவில்லை. ஓட்டில் புள்ளி இல்லையே என்று பண்ணைக்காரர் ஆறுதலடைந்தார். இங்கு வளர்க்கும் வன்னமை வகை இறால் புள்ளி தெரியாமலேயே சாகக்கூடும் என்றும், வேறு காரணங்களாலும் ஓட்டில் வெண்புள்ளி விழுவதுண்டு என்றும் அவரிடம் விளக்கினேன்.

நவம்பர் 15

மாதிரி எடுத்தோம். சோர்ந்த இறால்களைத் தனியாகவும், தட்டில் துள்ளிக்கொண்டிருந்தவற்றைத் தனியாகவும் பிரித்து, செவுளையும் நீந்துகால்களையும் வெட்டி 95 விழுக்காடு ஆல்கஹாலில் இட்டோம். கண்ணையும், செரிமான உறுப்பான கணையக் கல்லீரலையும் சேர்க்கவில்லை; அவற்றிலுள்ள பொருட்கள், நச்சுயிரியின் மரபுப்பொருளைப் பலமடங்கு பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். வினையைத் தடுத்து, நோய் இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். ஒவ்வொரு குளத்துக்கும் புது பிளேடு.

"குஞ்சு விடும்போது சான்றிதழ் சுத்தமாக இருந்ததே, தம்பி?" என்று அவர் கேட்டார். பெருந்தொகைக் குஞ்சுகளிலிருந்து 150 எடுத்துச் சோதித்தால், நூற்றுக்கு இரண்டில் தொற்று இருந்தால்கூட அதைப் பிடிப்பதற்கு 95 விழுக்காடு வாய்ப்பு உண்டு; அதற்கும் குறைவாகத் தொற்று இருந்தால் தப்பிவிடலாம். மேலும் அந்தச் சான்று அன்றைய குஞ்சுக்குத்தானே தவிர, பிறகு வாய்க்கால் நீரோடும் நண்டோடும் உள்ளே வந்ததற்கு அன்று.

நவம்பர் 17

முடிவு வந்தது. சோர்ந்த இறால்களில் முதற்கட்டப் பெருக்கத்திலேயே, நச்சுயிரி இருப்பதைக் காட்டும் 1447 கார இணை அளவு டி.என்.ஏ. பட்டை தெளிவாகத் தெரிந்தது. துள்ளியவற்றில் முதற்கட்டத்தில் எதுவும் இல்லை. முதற்கட்டத்தில் கிடைத்ததை மீண்டும் பெருக்கும் இரண்டாம் கட்டத்தில்தான் 941 அளவுப் பட்டை எழுந்தது, அதாவது தொற்று உள்ளே வந்துவிட்டாலும் இன்னும் குறைவாகவே இருக்கிறது. தட்டில் நலமாக ஏறியவற்றை மட்டும் ஒரே கட்டமாகச் சோதித்திருந்தால், இக்குளத்துக்கு நல்ல குளம் என்றே அறிக்கை கிடைத்திருக்கும். மாதிரியைத் தேர்ந்தெடுக்கும் கையிலேயே பாதிச் சோதனை முடிந்துவிடுகிறது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். இரண்டாம் கட்டத்துக்காகக் குழாயைத் திறக்கும்போது ஒரு துளி சிதறினாலும் பொய்ப்பட்டை எழும் என்பதால், ஒப்பீட்டுக்காக மாதிரி இல்லாமல் வெற்று நீர் மட்டும் வைத்த குழியையும் பார்த்தேன். அதில் பட்டை இல்லை.

நவம்பர் 19

சாவு தொடங்கிவிட்டது. அறிகுறி தென்பட்ட 3 முதல் 10 நாட்களுக்குள் குளமே காலியாகக்கூடிய நோய் இது. மதகைத் திறக்காமல் வீச்சு வலையால் பிடித்துவிட அவர் ஒப்புக்கொண்டார். இந்த நச்சுயிரி மனிதரைத் தொற்றாது என்பதால் பிடித்த இறாலை விற்பதில் தடையில்லை. அறுவடைக்குப் பின் நீரில் பிளீச்சிங் பவுடர் இட்டு, ஒரு வாரமாவது தேக்கிவைக்க வேண்டும். ஒரே வாய்க்காலில் நீர் எடுக்கும் பக்கத்துப் பண்ணைகளுக்கும் அவரே நேரில் போய்ச் சொன்னார். நட்டத்துக்கு நடுவிலும் அதைச் செய்த அவர்மேல் எனக்குப் பெருமதிப்பு.

தான் சாகாமலே நச்சுயிரியைச் சுமக்கும் வாய்க்கால் நண்டுகளின் செவுளும் இன்று மாலை ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது. முடிவு வரும்வரை பக்கத்துப் பண்ணைகள் புதுநீர் ஏற்றுவதில்லை என்று முடிவெடுத்துள்ளன.