அப்ரூவல் பிளான் வேறு, கட்டும் பிளான் வேறு: சொந்த வீட்டுக்கு யாரை, எந்த வரிசையில் அமர்த்தினோம்

சென்னைப் புறநகரில் 30க்கு 40 அடி மனை. களிமண் பூமி. தரைத்தளமும் மேலே ஒரு மாடியும். மேஸ்திரிக்கு லேபர் கான்ட்ராக்ட், சிமென்டும் கம்பியும் நாமே வாங்குவது. இப்படி ஒரு வீட்டுக்கு எந்தெந்த நிபுணர் கட்டாயம் வேண்டும், யார் இல்லாமல் சமாளிக்கலாம் என்று முடிவெடுத்த விதம் இது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "பிளான் போட ஆள் பார்த்தாச்சு" என்று சொல்பவர்களில் பலர் குறிப்பிடுவது அப்ரூவலுக்குக் கையெழுத்துப் போடும் என்ஜினியரை. அந்தத் தாளில் மனை அளவு, சுற்றிலும் விட்ட இடம், அறைகளின் பரப்பு, மழைநீர் சேகரிப்பு, செப்டிக் டேங்க் எல்லாம் இருக்கும். தூணில் எத்தனை கம்பி, கடைக்கால் எத்தனை அடி ஆழம் என்பது இருக்காது. தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், ஒரு மாடி வரையிலான வீட்டுக்கு ஒற்றைச் சாளர இணையதளத்தில் சுயசான்று முறையில் உடனே அனுமதி கிடைக்கிறது. வசதிதான். ஆனால் சான்று தருவது நாம். அளவு தப்பினால் பதில் சொல்ல வேண்டியதும் நாம்தான். வீடு உறுதியாக நிற்குமா என்று அந்தப் பக்கத்தில் எவரும் சரிபார்ப்பதில்லை.

அதனால் பின்னால் திருத்தவே முடியாத வேலை எதுவோ, அதற்கான ஆளை முதலில் அமர்த்துவது என்று வைத்துக்கொண்டோம். மண்ணுக்குள் போவது திரும்பி வராது. டைல்ஸை மாற்றலாம்.

வக்கீலும் சர்வேயரும் முதல் ஆட்கள். வங்கிக் கடன் வாங்கினால் வங்கியே ஒரு வக்கீலை வைத்துப் பத்திரம் பார்க்கும். அது வங்கியின் பணத்துக்கான பாதுகாப்பு. நமக்கென்று ஒருவர் மூலப் பத்திரத்திலிருந்து 30 வருட வில்லங்கச் சான்று வரை படித்து, எழுத்தில் கருத்துத் தர வேண்டும். சர்வேயர் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியை வைத்து நான்கு மூலையையும் அளந்து, பத்திரத்தின் அளவு, பட்டா, புலப்பட வரைபடம் (அரசின் நில அளவைப் படம்) மூன்றோடும் ஒப்பிட்டுத் தர வேண்டும். மனை அரை அடி குறைந்தால் சுற்றிலும் விட வேண்டிய இடத்தில் அது நேரே கை வைக்கும். தெருவின் மட்டத்தையும் அப்போதே குறித்து வாங்குங்கள். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் தெரு உயர்கிறது, பிளின்த் உயரத்தை (தரையிலிருந்து வீட்டுத் தளம் எவ்வளவு மேலே என்பதை) அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது மண் பரிசோதனை. "பக்கத்து வீட்டுக்கு அஞ்சடிதான் தோண்டினாங்க" என்ற பேச்சு இங்கே உதவாது. இந்த அளவு மனைக்கு எதிரெதிர் மூலைகளில் இரண்டு துளை கேளுங்கள். 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் கடைசி 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவதுதான் சோதனை. அந்த எண்தான் ரிப்போர்ட்டில் 'என்' மதிப்பு என்று வரும். கையெழுத்துள்ள ரிப்போர்ட்டில் ஒவ்வொரு ஆழத்திலும் உள்ள மண் வகை, நிலத்தடி நீர்மட்டம், குளோரைடும் சல்ஃபேட்டும், மண் தாங்கும் திறன், எந்த வகை அடித்தளம் எந்த ஆழத்தில் என்பதெல்லாம் இருக்க வேண்டும். களிமண்ணோ கரிசலோ என்றால் மண் ஊறி உப்பும் அளவையும் தனியாகக் கேளுங்கள். அது 50 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரணத் தனித்தனி ஃபுட்டிங் (தூணின் அடியில் அகலமாகப் போடும் கான்கிரீட் பாதம்) போதுமா, அண்டர் ரீம்டு பைல் (அடியில் குமிழ் போல அகன்று ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூண்) வேண்டுமா என்பதை, வீட்டின் உறுதியைக் கணக்கிடும் ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர்தான் முடிவு செய்ய வேண்டும், மேஸ்திரி அல்ல. துளை போடும்போது சைட்டில் இருங்கள்.

ஆர்க்கிடெக்டையும் ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரையும் ஒன்றாக உட்கார வைத்ததுதான் இந்த முழு வேலையிலும் அதிகப் பலன் தந்த முடிவு. வழக்கமாக நடப்பது வேறு: அறை, எலிவேஷன், 3டி எல்லாம் முடிந்த பிறகு "இதுக்குக் கம்பி டிசைன் போட்டுக் கொடுங்க" என்று என்ஜினியரிடம் போவார்கள். அப்போது தூண் சுவருக்குள் மறைய வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே போகும். 9 அங்குலச் சுவருக்குள் மறையும் தூண் 230 மில்லிமீட்டர். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டுமானத்துக்கான ஐஎஸ் 13920 விதியின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு தூணின் சிறிய பக்கம் குறைந்தது 300 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. நிலநடுக்க மண்டலம் மூன்றாகவே வடிவமைக்கப்பட்டு வந்த சென்னைக்கும் இது பொருந்தும். பிளான் முடிந்த பிறகு இதைச் சொன்னால் ஒவ்வொரு அறை மூலையிலும் தூண் துருத்தும், வீட்டுக்காரர் முகம் சுளிப்பார், என்ஜினியர் விட்டுக்கொடுப்பார். பிளான் பென்சிலில் இருக்கும்போதே சொன்னால் துருத்தும் பகுதி அலமாரிக்குப் பின்னாலோ வெளிச்சுவர்ப் பக்கமோ போய்விடும். கீழ்த்தளத் தூண்களும் மேல்தளச் சுவர்களும் ஒரே கோட்டில் வருவதும் அந்தக் கட்டத்தில்தான் சாத்தியம்.

வாஸ்து பார்ப்பவர் உண்டென்றால் அவரும் இதே பென்சில் கட்டத்தில்தான். தூண் கம்பி எழுந்த பிறகு படிக்கட்டை இடம் மாற்றச் சொன்னால் மொத்த டிசைனும் கெடும்.

ஆர்க்கிடெக்ட் என்ற பட்டத்துக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. சி.ஏ. என்று தொடங்கும் பதிவு எண்ணை ஆர்க்கிடெக்ட்களைப் பதிவு செய்யும் கவுன்சிலின் தளத்தில் சரிபார்க்கலாம். சிவில் என்ஜினியர்களுக்கு நாடு முழுவதற்குமான அப்படி ஒரு சட்டம் இல்லை. அதனால் ஸ்ட்ரக்சுரல் என்ஜினியராக அரசுப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் செய்த, ஐந்தாறு மழைக்காலம் பார்த்த இரண்டு வீடுகளைப் போய்ப் பாருங்கள். பீமும் சுவரும் சேரும் இடத்தில் விரிசல் இல்லை, பாத்ரூமுக்குக் கீழே ஈரம் இல்லை என்பதே சான்றிதழ்.

ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரிடம் வாங்க வேண்டியவற்றை ஒப்பந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள்: தூண் மையக்கோட்டுப் படம், ஃபுட்டிங், தூண், பிளின்த் பீம், ரூஃப் பீம், ஸ்லாப், படிக்கட்டு, சம்ப் (தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி), மேல்தொட்டி எல்லாவற்றுக்கும் கம்பி விவரம், கூடவே எந்த மண் தாங்கும் திறன், எத்தனை மாடி, எந்த கிரேடு கான்கிரீட் என்ற ஒரு பக்கக் குறிப்பு. 2,000 லிட்டர் தொட்டி என்றால் தண்ணீர் மட்டுமே 2 டன். அது எந்தத் தூண்களின் மேல் உட்காரும் என்பது படத்தில் இருக்க வேண்டும். பின்னால் இன்னொரு மாடி எழுப்பும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள். சம்ப்பின் குழி ஃபுட்டிங்கை விட ஆழமாக, அதன் ஓரத்திலேயே வந்தால் ஃபுட்டிங்குக்குக் கீழே மண் சரியும்.

அவர் சைட்டுக்கு வரும் முறைகளையும் எண்ணி எழுதுங்கள். குழியின் அடிமண் தெரியும்போது, ஃபுட்டிங் கம்பி கட்டியதும், பிளின்த் பீம், முதல் தூண் கம்பி, இரண்டு ஸ்லாப்: குறைந்தது ஆறு முறை. அவர் எழுத்தில் சரி என்று சொல்லாமல் கான்கிரீட் வண்டி வரக் கூடாது. கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிப்பரப்புக்கும் இடைவெளி விட வைக்கும் கவர் பிளாக் ஃபுட்டிங்குக்கு 50, தூணுக்கு 40, பீமுக்கு 25, ஸ்லாப்புக்கு 20 மில்லிமீட்டர் இருக்கிறதா, தூண் வளையத்தின் கொக்கி 135 டிகிரி மடங்கியிருக்கிறதா என்று நாமும் பார்க்கலாம். மடக்காமல் 90 டிகிரியில் விடுவதுதான் சைட்டில் அடிக்கடி காணும் தவறு.

கான்ட்ராக்டரே "பிளான் இலவசம்" என்றால் மறுத்துவிடுங்கள். வரைபவரின் சம்பளத்தைக் கட்டுபவர் கொடுத்தால், கம்பி குறைந்ததை நம்மிடம் சொல்ல எவரும் இருக்கமாட்டார்கள்.

பொருள்களின் அளவைக் கணக்கிடும் குவான்டிட்டி சர்வேயர், தனி எலக்ட்ரிகல் கன்சல்டன்ட், முழுநேரப் புராஜெக்ட் மேனேஜர் ஆகியோர் இந்த அளவு வீட்டுக்குத் தேவையில்லை என்று முடிவெடுத்தோம். பதிலுக்கு மூன்று தாள்கள் கட்டாயம். ஒன்று, பொருளும் அளவும் கொண்ட பட்டியல். வங்கிக்குத் தரும் எஸ்டிமேட் இதற்கு ஈடாகாது. இரண்டாவது ஸ்விட்ச், லைட், ஏசி பாயின்ட் படம். மூன்றாவது குழாய்ப் படம். மூன்றும் முதல் ஸ்லாப்புக்கு முன்னால் கைக்கு வர வேண்டும், ஏனென்றால் ஒயர் போகும் குழாய் (கான்டூயிட்) ஸ்லாப்புக்குள் போகிறது. தாமதமானால் பிறகு பீமையே உளியால் குத்துவார்கள்.

கட்டணத்தைச் சதுர அடிக்கோ மொத்தமாகவோ பேசலாம். ஆனால் தவணை தேதிப்படி வேண்டாம், தாள் கைக்கு வந்ததும், சைட் பார்த்ததும் என்று வையுங்கள். பதிவு பெற்றவர்களுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனி. கடைசித் தவணையை மேல் ஸ்லாப் சென்ட்ரிங்கை (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகப் பலகைகளை) பிரித்துப் பார்க்கும் வரை நிறுத்தி வையுங்கள்.