ஹாக்கின்ஸ் அழைத்து வந்த இளைஞர்கள்

ஜாஸ் இசையில் 1940களில் எழுந்த புதிய பாணியான பீபாப் பிறந்த கதையைச் சொல்கிறவர்கள் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி என்று தொடங்கி, சாக்ஸஃபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸை, அதற்கு முந்தைய ஜாஸ் பாணியான ஸ்விங் காலத்து மூத்தவர் என்று ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. 1939 முதல் 1946 வரை அவர் பதிவுசெய்த இசைத்தட்டுகளைக் கால வரிசைப்படி கேட்கும் எவருக்கும் இது பெரிய அநீதி என்றே தோன்றும்.

ஐரோப்பாவில் ஐந்தாண்டுகள் வாசித்துவிட்டு நியூயார்க் திரும்பிய ஹாக்கின்ஸ், 1939 அக்டோபர் 11 அன்று ‘பாடி அண்ட் சோல்’ பாடலைத் தம் டெனர் சாக்ஸஃபோனில் பதிவுசெய்தார். பியானோவின் சிறு முன்னிசை முடிந்ததும் தொடங்கும் அவர், பாடலின் மெட்டைச் சில பார்களுக்கு (தாளக் கட்டங்களுக்கு) மட்டுமே தொட்டுக்காட்டுகிறார். அதன்பின் அதை முற்றிலும் கைவிட்டு, அடியில் ஓடும் கார்டுகளை, அதாவது ஒருசேர ஒலிக்கும் சுரக் கூட்டங்களை, சுரம் சுரமாகப் பிரித்து, அவற்றுக்கு இடையே தாமே புதிய கார்டுகளையும் நுழைத்து, இரண்டு சுற்றுகளில் வேறொரு மெட்டையே கட்டி எழுப்புகிறார். தெரிந்த பாடலின் கார்டுகள் மீது புதிய மெட்டை அமைக்கும் இந்த வழியைத்தான் அடுத்த சில ஆண்டுகளில் பீபாப் கலைஞர்கள் தங்கள் அடிப்படையாகக் கொண்டார்கள்.

1942 ஆகஸ்டில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் இசைத்தட்டுப் பதிவுகளை நிறுத்திவைத்த போராட்டம் தொடங்கியது. பெரிய நிறுவனங்களில் டெக்கா 1943இலும் விக்டர், கொலம்பியா ஆகியவை 1944 இறுதியிலும்தான் சங்கத்தோடு உடன்பாட்டுக்கு வந்தன. அந்த இடைவெளியில் உடன்பட்டு முன்வந்த சிறு நிறுவனங்களே புதிய இசைக்கு வாசல் திறந்தன.

அப்படிப்பட்ட நிறுவனமான அப்பல்லோவுக்காக 1944 பிப்ரவரி 16 அன்று ஹாக்கின்ஸ் ஒரு குழுவைத் திரட்டினார். கில்லெஸ்பிக்கு வயது 26, பாஸ் வாசித்த ஆஸ்கர் பெட்டிஃபோர்டுக்கு 21, டிரம்ஸில் அமர்ந்த மேக்ஸ் ரோச்சுக்கு 20, தலைவருக்கோ 39. புகழின் உச்சியில் இருந்தவர், வழக்கமான துணைவர்களைக் கொண்டே பாதுகாப்பாகப் பதிவுசெய்திருக்கலாம். அவரோ கில்லெஸ்பி இயற்றிய ‘வுடி இன் யூ’வை எடுத்துக்கொண்டார். முதல் பீபாப் ஸ்டுடியோ பதிவு என்று பலரும் குறிப்பிடுவது இந்த அமர்வைத்தான்.

அதில் இருவரின் வாசிப்பையும் ஒப்பிட்டுக் கேட்க வேண்டும். கில்லெஸ்பியின் ட்ரம்பெட் எதிர்பாராத இடத்தில் எடுத்து, ஒரே மூச்சில் பாய்ந்து, தாளத்தின் நடுவில் சட்டென்று நிற்கிறது. ஹாக்கின்ஸ் அப்படி வாசிப்பதில்லை. அவருடைய சுரங்கள் அடிக்கு அடி அழுந்தப் பதிகின்றன; லயத்தில் அவர் கடைசிவரை ஸ்விங் மனிதர்தான். ஆனால் கார்டுகள் எவ்வளவு சிக்கலாகத் திரும்பினாலும் அவர் தடுமாறுவதே இல்லை. இளைஞர்கள் புதிதாகக் கண்டடைந்துகொண்டிருந்த அந்த நிலம் அவருக்கு ஏற்கெனவே பழகியது.

அதே ஆண்டு அக்டோபரில் தெலோனியஸ் மங்கைத் தம் நால்வர் குழுவின் பியானோவில் அமர்த்தினார். மங்கின் முதல் ஸ்டுடியோ பதிவுகள் அவைதான். ‘ஃப்ளையிங் ஹாக்’ தட்டில், ஹாக்கின்ஸின் அகன்ற, தடித்த நாதத்தை அடுத்து மங்கின் கோணலான பியானோ ஒலிக்கும்போது, இப்படியொரு வாசிப்புக்கு இடம் தந்த தலைவரின் செவியை வியக்காமல் இருக்க முடியவில்லை. மறு ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸில் அவர் பதிவுசெய்த ‘ரிஃப்டைட்’ மெட்டையே பின்னாளில் மங்க் ‘ஹேக்கன்ஸாக்’ என்ற பெயரில் வாசித்தார்.

என் பரிந்துரை, 1946 இறுதியில் பதிவான ‘ஐ மீன் யூ’வைத் தவறாமல் கேட்க வேண்டும் என்பது. இயற்றியவர் மங்க், உடன் வாசிப்பவர்கள் ஃபேட்ஸ் நவாரோ, ஜே. ஜே. ஜான்சன், மில்ட் ஜாக்சன், மீண்டும் மேக்ஸ் ரோச். அனைவரும் புதிய தலைமுறையினர். அவர்கள் நடுவே ஹாக்கின்ஸ் தம் பழைய நடையை மாற்றிக்கொள்ளவும் இல்லை, அவர்களைத் தம் நடைக்கு இழுக்கவும் இல்லை.