மாமரத்தில் இருப்பது புல்லுருவி அல்ல

புதுக்கோட்டைப் பக்கத்தில் உள்ள எங்கள் தோப்பில் போன கோடையில் மாமரங்களைக் கவாத்து செய்தபோது, பட்ட கொப்புகளோடு சேர்ந்து வாண்டா என்ற ஆர்க்கிட் செடி ஒன்றும் தரையில் வந்து விழுந்தது. வாரைப் போல நீண்டு, நடுவே மடிந்த இலைகளுக்கு இடையிலிருந்து பூங்கொத்து ஒன்று அப்போதுதான் நீண்டிருந்தது. “அது புல்லுருவி மாப்பிள்ளை, விட்டால் மரத்தையே தின்றுவிடும்” என்றார் மாமா. ஐம்பது ஆண்டுகளாக மாமரம் வளர்ப்பவர் அவர். இருந்தாலும் இந்த ஒரு செடியின் விஷயத்தில் அவர் சொன்னது சரியல்ல.

புல்லுருவி, கிளைக்குள் தன் வேரைச் செலுத்தி மரத்தின் சாற்றை உறிஞ்சும். அது ஒட்டியிருக்கும் இடத்தில் கிளை வீங்கி முண்டாகியிருப்பதைக் காணலாம். வாண்டாவின் வேர்களோ பட்டையின் மேல் படர்ந்து பற்றிக்கொள்வதோடு சரி, உள்ளே நுழைவதில்லை. விழுந்த செடியின் வேரொன்றை மாமாவிடம் காட்டினேன். சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருந்த அந்த வேரின் மீது தண்ணீர் தெளித்ததும், மேலுறை நீரைக் குடித்து, சில நொடிகளில் உள்ளிருந்த பச்சை நிறம் வெளியே தெரிந்தது. மழையையும் பனியையும் பஞ்சு போன்ற அந்த உறையில் ஏந்தியே இந்தச் செடி வாழ்கிறது. மரம் அதற்கு இருப்பிடம் மட்டுமே.

வாண்டா டெசலேட்டா என்பது இதன் தாவரவியல் பெயர். சோழமண்டலக் கரையின் தாவரங்களைப் பற்றிய நூலில் தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் 1795இல் இதை விவரித்தார். இதழ்களில் ஓடும் பழுப்பு நிறக் கட்டங்களைக் குறிப்பதே டெசலேட்டா என்ற சொல். மரத்தின் மேல் ஒட்டி வளரும் செடியைச் சுட்டும் ‘வந்தா’ என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வாண்டா வந்தது. ஆகவே மாமாவின் குழப்பம் மிகப் பழையது என்றுதான் சொல்ல வேண்டும்.

மலைக்குப் போனால்தான் ஆர்க்கிட் பார்க்கலாம் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. ஆனால் இது வெயிலைத் தாங்கும் சமவெளிச் செடி. கடற்கரையை ஒட்டிய உலர் பசுமைக் காடுகளிலும், அவற்றின் எச்சமாக நிற்கும் கோயில் காடுகளிலும், தோப்புகளின் முதிர்ந்த மரங்களிலும், இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் இது வளர்கிறது. பூவின் ஐந்து இதழ்களும் மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறத்தில் இருக்க, நடுவே உதடு போன்ற இதழ் மட்டும் ஊதாவாகத் துருத்தி நிற்கும். மணமும் உண்டு. இந்த மணத்தைப் பெறுவதற்காகவே கலப்பினம் உருவாக்குவோர் இதை விரும்புகிறார்கள். சிங்கப்பூரில் பலர் வளர்க்கும் ‘மிமி பால்மர்’ என்ற கலப்பினத்தின் பெற்றோரில் ஒன்று இதுவே.

ஆயுர்வேதத்தில் வாத நோய்களுக்குச் சொல்லப்படும் ராஸ்னா என்ற மருந்துச் சரக்காக வங்காளப் பகுதியில் இதன் வேரைப் பயன்படுத்துகிறார்கள். தென்னாட்டில் அதே பெயரில் வழங்குவது அரத்தை. வேருக்காகக் காட்டிலிருந்து பிடுங்குவது எனக்கு ஏற்புடையதல்ல. இதன் விதைகள் தூசியைப் போன்றவை, அவற்றில் சேமித்த உணவு கிடையாது. காற்றில் பறந்து போய் விழும் இடத்தில் உரிய பூஞ்சை துணைக்கு இருந்தால்தான் முளைக்க முடியும். ஒரு காயில் ஆயிரக்கணக்கில் விதை இருந்தும் மிகச் சிலவே செடியாகின்றன, அவையும் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

வளர்க்க ஆசைப்படுவோர் நாற்றங்காலில், விதையிலிருந்தோ திசு வளர்ப்பிலோ உருவான செடியை வாங்குங்கள். மண்ணில் நட்டால் வேர் அழுகிவிடும். மரச்சட்டத் தொட்டியில் கரித்துண்டும் செங்கல் ஓடும் இட்டு, காலை வெயில் படும் இடத்தில் தொங்கவிட்டு, வேர் வெளுத்ததும் நீர் தெளித்தால் போதும். உரத்தை மிகவும் நீர்க்கக் கரைத்து, எப்போதாவது தெளிக்கலாம்.

விழுந்த செடியைத் தென்னங்கயிற்றால் அதே மரத்தின் கவட்டில் மாமாவே கட்டினார். பூங்கொத்து வாடிவிட்டது. ஐப்பசி மழைக்குப் பின் போய்ப் பார்த்தபோது, பச்சை நுனியோடு இரண்டு புது வேர்கள் கயிற்றைத் தாண்டிப் பட்டையைப் பற்றியிருந்தன.