கீழ்ப்பாதியைத் தின்ற சிப்

அப்பத்தா பாடிய தாலாட்டு எங்கள் வீட்டில் ஒரு சி-90 கேசட்டில் கிடக்கிறது. அதை ஒலிக்கோப்பாக ஏற்றிவைக்க வேண்டும், வளவில் (உள்முற்றத்தில்) இருக்கும் பழைய ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கவும் வேண்டும் என்பதுதான் ஆசை. கேசட் டெக், ரேடியோ, மெமரி கார்டில் இருந்து பாடும் ஈஎஸ்பி32 (நிரல் எழுதி ஓட்டும் சின்னக் கணினிச் சிப்) ஆகிய மூன்றையும் ஒரே ஆம்பிளிஃபயருக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கும் ஒரு பெட்டி செய்தால் போதும் என்று தொடங்கினேன். ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்று வாங்கினால் முடிந்தது என்று தம்பி சொன்னான். காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீட்டுச் சுவர் எவ்வளவு கனம் என்று தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். முகப்பில் வைத்த போனின் ப்ளூடூத் இரண்டாம் கட்டுக்குப் போவதற்குள் திக்கித் திணறிவிடும். கம்பிதான் சரி.

முதலில் ஈஎஸ்பி32-க்குள்ளேயே இருக்கும் டாக்கை, அதாவது எண்களை ஒலி அலையாக மாற்றும் பகுதியை, வைத்துப் பார்த்தேன். அது 8 பிட், அதாவது மொத்தமே 256 படிகள். சினிமாப் பாட்டு ஓரளவு கேட்டது. மெல்லிய குரல் வந்தால் பின்னால் மணல் சலிப்பது போல ஓர் இரைச்சல். அடுத்து அவசரப்பட்டு எம்சிபி4725 என்ற தனி டாக் சிப்பை வாங்கினேன். 12 பிட் என்ற ஒன்றைத்தான் பார்த்தேன், எந்த வழியாகத் தரவு போகிறது என்று பார்க்கவில்லை. அதை ஐ2சி என்ற மெதுவான தரவு வழியில் ஓட்ட வேண்டும். 400 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் பாட்டுக்கு வேண்டிய நொடிக்கு 44,100 மாதிரிகளை (அலையை அளந்த எண்களை) அதில் தள்ளவே முடியாது. மெதுவாக மாறும் மின்னழுத்தம் தேவைப்படும் வேலைக்கு அது நல்ல சிப், பாட்டுக்கு ஆகாது. மேக்ஸ்98357ஏ நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஆம்பிளிஃபயர் அதற்குள்ளேயே இருக்கிறது, நேரே ஸ்பீக்கரில்தான் கட்ட வேண்டும். எனக்கு வேண்டியது லைன் அவுட், அதாவது வெளியே இருக்கும் ஆம்பிளிஃபயருக்குப் போகும் ஒலி. கடைசியில் ஒலித் தரவுக்கென்றே உள்ள ஐ2எஸ் வழியாகப் பேசும் பிசிஎம்5102ஏ என்ற டாக்கில் வந்து நின்றேன்.

செக்காலை ரோட்டுக் கடைகளில் மொபைல் உதிரிகள் வேண்டிய மட்டும் கிடைக்கின்றன, இந்த மாதிரிச் சிப்புகள் கிடைக்கவில்லை. சென்னையில் இருக்கும் நண்பன் ரிச்சி தெருவில் வாங்கிப் பல்லவன் ரயிலில் வரும்போது கொண்டுவந்தான். அன்று இரவே கட்டினேன். சத்தமே இல்லை. இரண்டு நாள் நிரலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் போர்டைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் நான்கு ஈயப் பாலங்கள் வைக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. 1, 2, 4 ஆகிய மூன்றும் எல் (தாழ்வு) பக்கம், மூன்றாவது மட்டும் எச் (உயர்வு) பக்கம். அந்த மூன்றாவதுதான் வாயை மூடும் கால், அது தாழ்ந்திருந்தால் சிப் ஊமை. முன்பக்கம் எஸ்சிகே காலையும் கிரவுண்டோடு சேர்த்தேன். அப்படிச் செய்தால் தனி மாஸ்டர் கிளாக் (சிப்புக்குத் தாளம் போடும் துடிப்பு) தராமலே, உள்ளே இருக்கும் பிஎல்எல் என்ற சுற்று அதைத் தானே உண்டாக்கிப் பார்த்துக்கொள்ளும். பாட்டு வந்துவிட்டது.

கேசட் ஒலியை எண்களாக மாற்றி ஏற்ற, பிசிஎம்1808 என்ற சிப்பை எடுத்தேன். இதற்கு மாஸ்டர் கிளாக் கட்டாயம், 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு 256 மடங்கு என்றால் 11.2896 மெகாஹெர்ட்ஸ். பழைய ஈஎஸ்பி32-ல் அதை 0, 1, 3 ஆகிய கால்களில்தான் வெளியே எடுக்க முடியும். ஒன்றும் மூன்றும் சீரியலுக்குப் போய்விடுவதால் மிஞ்சியது பூஜ்யம். இதில் பெரிய கதை எதுவும் இல்லை.

கதை முழுக்க மாற்றும் சிப்பில்தான். இருப்பதிலேயே விலை குறைந்த சாமானும் அதுதான். இரண்டு சேனலையும் நான்கு இடத்துக்கு மாற்றும் சிடி4052. 16ஆம் காலுக்கு 5 வோல்ட், 7, 8 இரண்டும் கிரவுண்டு என்று கட்டினேன். ரேடியோ சுத்தமாகக் கேட்டது, ஏனென்றால் அதன் ஒலி சின்னது. ஈஎஸ்பி32-க்கு மாற்றினால் கரகரப்பு. போதாததற்கு ரேடியோவுக்கு மாற்றிய பிறகும் இந்தப் பாட்டு லேசாகப் பின்னால் கசிந்தது.

ரேடியோ பழுது பார்க்கும் ஓர் அண்ணனிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவரிடம் பச்சைக் கோடு ஓடும் பழைய ஆசிலோஸ்கோப் ஒன்று உண்டு. முனையை வைத்துப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, கீழ்ப்பாதியக் காணோம்?” என்றார். மேலே அலை உருண்டையாக இருந்தது, கீழே நுங்கைச் சீவியது போல மொட்டை.

வீட்டுக்கு வந்து டேட்டாஷீட்டை ஒழுங்காகப் படித்தேன். பிசிஎம்5102ஏ-யின் வெளியீடு 2.1 வோல்ட் ஆர்எம்எஸ் (ஒருவகைச் சராசரி), அதுவும் கிரவுண்டை நடுவில் வைத்து ஆடுவது. உச்சம் ஏறக்குறைய 3 வோல்ட் மேலே, 3 வோல்ட் கீழே. 4052-க்குள் போகும் ஒலியோ 7ஆம் காலுக்கும் 16ஆம் காலுக்கும் இடையில்தான் இருக்க வேண்டும். நான் 7ஐக் கிரவுண்டில் கட்டியிருந்ததால் பூஜ்யத்துக்குக் கீழே போனதெல்லாம் சிப்புக்குள் இருக்கும் காப்பு டையோடுகளில் வழிந்துவிட்டது. கசிவும் அதனால்தான். ஒலியைக் கெப்பாசிட்டர் வழியாக 2.5 வோல்ட்டுக்குத் தூக்கிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். கணக்குப் போட்டால் மொத்த ஆட்டம் 6 வோல்ட், இருப்பதோ 5. பாதியாகக் குறைத்துக் கொடுக்கலாம்தான், ஆனால் நல்ல டாக்கை வாங்கி அதன் குரலைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆக, 7ஆம் காலுக்கு மைனஸ் 5 வோல்ட். பிளஸ்ஸை மைனஸாக மாற்றித் தரும் ஐசிஎல்7660எஸ் சிப் ஒன்றும் இரண்டு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்களும் போதும்.

அதோடு இன்னொன்றும் கண்ணில் பட்டது. சிடி4052-க்கு 5 வோல்ட் கொடுத்தால், எந்த உள்ளீடு வேண்டும் என்று சொல்லும் தேர்வுக் கால்களில் 3.5 வோல்ட்டாவது வந்தால்தான் அதை ‘ஒன்று’ என்று உறுதியாக எடுத்துக்கொள்ளும். ஈஎஸ்பி32 தருவது 3.3. பெட்டி சில நாள் சொன்ன பேச்சைக் கேட்டதும் சில நாள் முரண்டு பிடித்ததும் ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. அதன் இன்னொரு வகையான 74எச்சிடி4052 என்றால் 2 வோல்ட்டே போதும், அதற்கு மாறினேன். பழைய சிப்பின் தடை 5 வோல்ட்டில் 470 ஓம் அளவு, இதில் நூறுக்கும் கீழே. ஆனால் இரண்டு பக்கமும் சேர்த்து 10 வோல்ட்டுக்கு மேல் தரக் கூடாது. பிளஸ் 5, மைனஸ் 5 என்பது சரியாக எல்லையில் நிற்கிறது, ஆகவே மீட்டரில் பார்த்த பிறகே சிப்பைச் சாக்கெட்டில் செருகினேன்.

கரகரப்பு போனது, மெல்லிய விசில் ஒன்று வந்தது. 7660 சாதாரணமாக ஆடுவது 10 கிலோஹெர்ட்ஸில், அது காதுக்கு எட்டும் எல்லைக்குள்தான். எஸ் வகையில் 1ஆம் காலை மின்சாரத்தோடு சேர்த்தால் ஆட்டம் 35 கிலோஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அதைச் செய்து, மைனஸ் வழியில் ஒரு 100 ஓம் ரெசிஸ்டரும் வைத்தேன். விசில் அடங்கிவிட்டது. மாற்றும்போது வந்த ‘டொக்’ சத்தத்துக்கு எல்லா உள்ளீட்டிலும் கிரவுண்டுக்கு 100 கிலோஓம். மிச்சமிருந்த நான்காவது இடத்தைக் கிரவுண்டிலேயே கட்டிவிட்டேன், மாற்றும்போது பெட்டி ஒரு நொடி அங்கே நின்றுவிட்டுப் போகும்.

முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான்களோடு கிடந்ததைப் பார்த்து வாங்கிய டெக்கில் முதல் பக்கத்தை ஏற்றினேன். 45 நிமிடம், சுமார் 476 எம்பி. வளவில் போட்டபோது அம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்து, “யாரு, அப்பத்தாவா?” என்றார். இரண்டாம் பக்கம் இன்னும் ஏறவில்லை. டெக்கின் பெல்ட் இளகிவிட்டது, குரல் போகப் போக இழுக்கிறது. அதே அளவுக்குப் பெல்ட் தேடிக்கொண்டிருக்கிறேன்.