புளூட்டோவுக்குப் போன சாம்பல்

இன்றும் புளூட்டோவின் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 2015 ஜூலையில் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் எடுத்தது. பழுப்புத் தரையில் வெளிறிய ஓர் இதயம். அதன் ஒரு பாதி முழுக்க உறைந்த நைட்ரஜன். நாம் மூச்சில் இழுக்கும் அதே நைட்ரஜன்தான், அங்கே சுமார் மைனஸ் 230 டிகிரிக் குளிரில் பனிப்பாறையாய்க் கிடந்து மெல்ல மெல்லப் புரள்கிறது. நம் நிலாவைவிடச் சின்ன உலகம் அது!

1930-இல் அதைக் கண்டுபிடித்த கிளைடு டாம்பா விவசாயி வீட்டுப் பிள்ளை. ஆலங்கட்டி மழையில் பயிர் போய், கல்லூரிக்குப் போக முடியாமல் நின்றவர். வானத்தின் ஒரே பகுதியை வெவ்வேறு இரவுகளில் எடுத்த இரண்டு புகைப்படத் தகடுகளை மாற்றி மாற்றிப் பார்த்து, அத்தனை நட்சத்திரங்களுக்குள் ஒரே ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருப்பதைப் பிடித்தார். என்ன பொறுமை!

அவருடைய சாம்பலில் கொஞ்சம் அந்த விண்கலத்திலேயே போனது. ஒன்பதரை வருடப் பயணம். அப்புறம், தான் கண்ட புள்ளியைச் சுமார் 12,500 கிலோமீட்டர் தூரத்தில் கடந்து போனார்.